கோதுமை வயலில் மாட்டை விட்டிருக்கிறார்களே!

(கால்நடை கேள்வி பதில். இந்த முறை ஒரே கடிதம் நாலைந்து கேள்வியை இழுத்து வந்துவிட்டது. அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.)

கேள்வி: டாக்டர் அய்யாவுக்கு வணக்கம். எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ரெண்டு ஏக்கர் நஞ்சை, நாலு கறவை. மகள் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறாள், அவளைப் பார்க்க நவம்பர் கடைசியில் வந்தேன். எனிட் என்கிற ஊருக்குப் போகிற வழியில் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, நடுநடுவே மட்டும் பச்சைப்பசேலென்று வயல், அதில் கூட்டம் கூட்டமாகக் கன்றுகள். என்ன புல் என்று மருமகனைக் கேட்டால் கோதுமை என்கிறார். விதைத்த பயிரில் மாடு இறங்கினால் நம்ம ஊரில் பஞ்சாயத்தே கூடிவிடும். இவர்கள் ஏன் விடுகிறார்கள்? அந்தப் புல்லில் அப்படி என்ன இருக்கிறது?
— கோபி வட்டார விவசாயி

பதில்: மருமகன் சொன்னது சரிதான் அய்யா. அது வேலி தாண்டிய மாடு இல்லை, வயல்காரரே விட்டது, இல்லாவிட்டால் மேய்ச்சலுக்கு வாடகை வாங்கிக்கொண்டு விட்டது. ஒக்லஹோமா, அதற்கு மேலே கான்சாஸ், கீழே டெக்சாஸின் வடக்குப் பகுதி, இங்கெல்லாம் இது பல தலைமுறைப் பழக்கம். கோதுமை ஒன்று, வருமானம் இரண்டு: குளிர்காலத்தில் கறி, ஜூனில் தானியம்.

பயிர் சாகாதா என்பதுதானே உங்கள் சந்தேகம். அங்கே போடுவது குளிர்காலக் கோதுமை. குளிர் பட்டால்தான் அதற்குக் கதிர் விடும் புத்தியே வரும். அதுவரை தூர் கட்டிக்கொண்டு தரையோடு படர்ந்து கிடக்கும். கதிராகப் போகிற குருத்து அந்த மாதங்கள் முழுக்க மண்மட்டத்துக்குக் கீழேயே ஒளிந்திருக்கும். மாடு கடிப்பது இலையை மட்டும்தான், குருத்து அதன் வாய்க்கு எட்டாது, எனவே கடிக்கக் கடிக்க இலை வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் இதற்கு ஒரு கெடு உண்டு. பிப்ரவரி கடைசி, மார்ச் முதலில் வெயில் ஏற ஆரம்பித்ததும் தண்டு நிமிர்ந்து குருத்து மேலே கிளம்பும். அப்போதும் மாடு வயலில் நின்றால் கதிரையே கடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கிற சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாடு மேயாத ஓரத்தில் நாலு செடியைப் பிடுங்கி, பெரிய தூரை நீளவாக்கில் பிளந்து பார்ப்பார்கள். வளரும் கதிருக்குக் கீழே தண்டில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே வெற்றுக்கூடு விழுந்திருந்தால் அன்றைக்கே மாட்டை ஓட்டிவிட வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு அறுப்பில் தெரியும். மேய்ச்சலுக்கென்று செப்டம்பர் முதல் பாதியிலேயே விதைத்துவிடுவார்கள், விதையும் கூடுதலாகப் போடுவார்கள். தானியம் மட்டும் போதும் என்பவர்கள் அக்டோபரில் விதைப்பார்கள். வேர் நன்றாகப் பிடித்து, இழுத்தால் செடி கையோடு வராது என்கிற நிலை வந்த பிறகுதான், நவம்பர் வாக்கில் கன்றை இறக்குவார்கள். நீங்கள் போய் இறங்கியதும் சரியாக அந்தச் சமயம்தான்.

சத்துக் கணக்குக்கு வருவோம். அந்த இலையை நூறு கிலோ அறுத்தால் எழுபத்தைந்திலிருந்து எண்பது கிலோ வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் உலர்பொருளில் புரதம் 20 முதல் 30 சதவீதம், செரிமானமாகக் கூடிய பங்கு 75 சதவீதத்துக்கு மேல். புரதத்தில் அது கிட்டத்தட்ட நம்ம தேங்காய்ப் புண்ணாக்குக்குச் சமம், அதுவும் வயலில் முளைத்து நிற்கிற புண்ணாக்கு. நம்ம வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம். நீங்கள் பழுப்பாகப் பார்த்தீர்களே அந்தக் காய்ந்த புல், டிசம்பரில் அதுவும் ஏறக்குறைய வைக்கோல் கணக்குத்தான். பக்கத்துப் பக்கத்து வயலில் வைக்கோலும் புண்ணாக்கும் கிடந்தால் மாட்டுக்காரன் எதற்கு ஓடுவான்? தாயிடமிருந்து பிரித்த, 200 கிலோ சொச்சம் எடையுள்ள கன்றுகளை விடுகிறார்கள். வானம் ஒத்துழைத்தால் அவை நாளொன்றுக்கு ஒரு கிலோ வரைக்கும் எடை போடும். மார்ச்சில் ஏற்றி, தானியம் போட்டுக் கொழுக்க வைக்கிற பெரிய பட்டிகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் ஊர் நெல் வயலில் இதை முயற்சி செய்துவிடாதீர்கள். அங்கே பஞ்சாயத்து கூடுவது நியாயம்தான்.

கேள்வி: டாக்டர் சார், இலையில் 25 சதவீதம் புரதம் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? புரதம் ஏற ஏற மாட்டுக்கு நல்லதுதானே? நான் கறவைக்கு முடிந்த அளவு புரதம் ஏற்றித்தான் போடுகிறேன்.
— திருவண்ணாமலை வாசகர்

பதில்: இல்லை தம்பி. இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள்.

அந்தக் கோதுமைக் கன்றையே கணக்குப் பார்க்கலாம். 200 கிலோ கன்று, உலர்பொருளாக ஒரு நாளைக்கு 5 கிலோ தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகச் சொன்னால் இருபது கிலோவுக்கு மேல். அதில் 25 சதவீதம் புரதம் என்றால் ஒன்றேகால் கிலோ. தினம் ஒரு கிலோ எடை போடுகிற கன்றுக்குத் தேவையோ முக்கால் கிலோவுக்கும் குறைவு. மீதி அரை கிலோ எங்கே போகிறது? மூத்திரத்தில்தான் போகிறது.

சும்மாவும் போகவில்லை. இளம் இலையில் இருக்கிற நைட்ரஜனில் ஒரு பெரிய பங்கு முழுப் புரதமே இல்லை, பாதி வழியில் நிற்கிற சின்னச் சின்னப் பொருட்கள். ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இது அசைவயிற்றுக்குள் போனதும் மளமளவென்று அம்மோனியாவாகிவிடும். அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ள அதே நேரத்தில் மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும், இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரல் அதை யூரியாவாக்கி வெளியே தள்ளும், அப்படித் தள்ளுவதற்கும் மாட்டின் தெம்புதான் செலவு. அதனால்தான் ஒக்லஹோமாக்காரர்கள் கோதுமைப் புல்லில் மேய்கிற கன்றுக்குக் கொஞ்சம் மக்காச்சோளத்தையோ வேறு தானியத்தையோ கூடவே வைக்கிறார்கள். அதாவது புரதம் நிறைந்த புல்லுக்குப் புரதம் குறைந்த தீனிதான் ஜோடி. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை அதன் மேல் கொட்டினால் கொட்டினவருக்குத்தான் நஷ்டம்.

உங்கள் கறவைக்கும் இதே கணக்குத்தான். அகத்தி, வேலிமசால், அதன் மேல் கடலைப் புண்ணாக்கு என்று மூன்றையும் ஏற்றிவிட்டு, பால் ஏறவில்லை, சாணி தண்ணியாகப் போகிறது என்று எழுதுகிறவர்கள் மாதத்துக்குப் பத்துப் பேர். புண்ணாக்கில் ஒரு பங்கைக் குறைத்து மக்காச்சோள மாவோ கம்பு மாவோ வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

கேள்வி: போன வருஷம் மழைக்குப் பின்னால் தளதளவென்று வந்த குதிரைமசாலை அறுத்துப் போட்டு, ஒரு மணி நேரத்தில் என் சினை மாடு உப்பிச் செத்துப்போனது. அமெரிக்காவில் இவ்வளவு இளம் பச்சையில் விடுகிறார்களே, அங்கே மாடு உப்பாதா?
— ஒட்டன்சத்திரம், வாசகி

பதில்: உப்பும் அம்மா, அங்கேயும் சாகும். உங்கள் மாட்டுக்கு வந்ததும் அங்கே கோதுமை மேய்ச்சலில் வருவதும் ஒரே சங்கதிதான், நுரை உப்புசம். வயிற்றில் காற்று எப்போதும் உண்டாகிக்கொண்டுதான் இருக்கும், மாடு ஏப்பம் விட்டே அதைத் தள்ளும். இளம் இலையில் கரையும் புரதம் அதிகம், நார் குறைவு. அந்தப் புரதம் சோப்பு மாதிரி நுரை கட்டி, காற்றைக் குமிழி குமிழியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரையை ஏப்பமாக விட முடியாதே! இடது பள்ளை ஏறிக்கொண்டே போய் நுரையீரலை அழுத்திவிடும், மூச்சு முட்டிப்போகும்.

அங்கே செய்வது என்னவென்றால், பசியோடு மாட்டை இறக்க மாட்டார்கள். முதலில் வயிறு நிறையக் காய்ந்த புல்லைக் கொடுத்துவிட்டுத்தான் வயலுக்குள் விடுவார்கள். நுரையை உடைக்கிற போலோக்சலீன் என்கிற மருந்தைத் தீனியில் கலந்து வைப்பார்கள், மொனென்சின் என்கிற இன்னொரு மருந்து கலந்த தீனியும் உப்புசத்தைக் குறைக்கும். நீங்கள் அடுத்த முறை செய்ய வேண்டியதும் அதுவே. முதலில் வைக்கோல், பிறகு பச்சை, பச்சையையும் அறுத்து அரை நாள் வாடவிட்டு. உப்பிவிட்டது என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வருவதற்குள் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மெதுவாகப் புகட்டலாம், எண்ணெய் நுரையை உடைக்கும். தலையை ரொம்பத் தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள், புரையேறினால் அதுவே எமன். படுத்துவிட்ட மாட்டுக்குப் புகட்டவே வேண்டாம்.

அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு, அதைக் கோதுமை மேய்ச்சல் நஞ்சு என்றே சொல்கிறார்கள். பெயர்தான் நஞ்சு, உண்மையில் அது சத்துக்குறை. வேகமாக வளர்கிற இளம் கோதுமையில் பொட்டாசியம் மிக அதிகம், மெக்னீசியமும் கால்சியமும் அந்த அளவுக்கு இல்லை, பொட்டாசியம் கூடினால் இருக்கிற மெக்னீசியமும் உடம்பில் ஏறாது. கன்றுகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது கன்று போட்டுப் பால் கொடுக்கிற வயதான பசுக்கள். பாலில் கால்சியமும் மெக்னீசியமும் தினம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறதல்லவா! முதலில் மிரளும், தள்ளாடும், விழுந்து வலிப்பு வந்ததுபோல் கால்களை உதைக்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கால்சியம், மெக்னீசியம் மருந்தை உடனே ஏற்றினால் பிழைக்கும். முன்கூட்டியே தாது உப்புக் கலவையில் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து வைப்பது வழக்கம். அது கசப்பு, மாடு தொடாது, அதனால் தானியத்திலோ வெல்லப்பாகிலோ கலந்து ஏமாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் மாட்டுக்காக வருத்தப்படுகிறேன் அம்மா. சினை மாடு என்பது ரெண்டு உயிர்.

கேள்வி: கோதுமை, ரை, ஓட்ஸ், பார்லி, டிரிட்டிகேல் — இதில் மேய்ச்சலுக்கு எது ஒசத்தி? ரை என்றால் கம்புதானே?
— வேளாண் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கம்பு இல்லை. கம்பு வெயிலுக்குப் பிறந்தது, ரை பனிக்குப் பிறந்தது. ரை கிராஸ் என்று இன்னொன்று உண்டு, அது தானியமே இல்லை, வேறு புல். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இளசாக இருக்கும்போது இந்த ஐந்துக்கும் சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் குளிரைத் தாங்குவதிலும் எப்போது முற்றுகிறது என்பதிலும்தான். ரை எதையும் தாங்கும், இலையுதிர் காலத்திலும் சரி, வசந்தம் வந்ததும் சரி, முதலில் எழுவது அதுதான், ஆனால் முதலில் தண்டு விட்டு முற்றுவதும் அதுவே, முற்றினால் மாடு முகம் சுளிக்கும். ஓட்ஸ் மாட்டுக்கு அல்வா மாதிரி, ஆனால் கடுங்குளிரில் கருகிப்போகும். பார்லி நன்றாகச் செரிக்கும், உப்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், கதிர் வந்த பிறகு அதன் முள் மாட்டின் வாயைக் குத்தும். டிரிட்டிகேல் கோதுமைக்கும் ரைக்கும் பிறந்த பிள்ளை, குணமும் ரெண்டுக்கும் நடுவில்.

எந்தப் பயிர் என்பதைவிட எந்தப் பருவம் என்று கேளுங்கள். அதே கோதுமையில் புரதம், கதிர் வெளிவருமுன் பொதி கட்டும்போது 15 சதவீதத்தையொட்டி இறங்கிவிடும், பால் பிடித்து மாவு கட்டும்போது 10-க்குக் கீழே, அறுத்த பின் நிற்கும் தாளில் வைக்கோல் கணக்குத்தான். இலை குறைந்து தண்டு கூடுகிறது, தண்டில் நார் இறுகுகிறது, அதுதான் காரணம். நம்ம கம்பு நேப்பியரை அறுக்காமல் விட்டுக் கரும்பு மாதிரி ஆனபின் நறுக்கிப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: நாங்கள் ஊட்டிக்குப் பக்கம், பனி விழுகிற காலத்தில் தீவனத்துக்கு ஓட்ஸ் போடுகிறோம். சோளம் இளசில் விஷம் என்பார்களே, ஓட்ஸுக்கும் அது உண்டா? யூரியா தாராளமாகப் போடலாமா?
— நீலகிரி வாசகர்

பதில்: சோளத்தில் இருக்கிற சயனைடு விஷம் ஓட்ஸிலும் கோதுமையிலும் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உங்கள் ரெண்டாவது கேள்வியில்தான் வில்லங்கம் இருக்கிறது. ஓட்ஸ் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கிற பயிர். யூரியாவைத் தாராளமாகப் போட்டுவிட்டு, அப்புறம் நாலு நாள் மேகமூட்டமாகவோ உறைபனியாகவோ இருந்தால், வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற இலைக்குத் தெம்பிருக்காது, அது தண்டின் அடியில் தேங்கி நிற்கும். தின்ற மாட்டின் ரத்தம் காபிக் கொட்டை நிறத்துக்குப் போய்விடும், பிராணவாயுவைச் சுமக்காது.

சோளத்தை வெயிலில் உலர்த்தினால் சயனைடு பெருமளவு போய்விடும் என்பது நம்ம ஆட்களுக்குத் தெரியும். அதே யோசனையில் ஓட்ஸையும் உலர்த்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நைட்ரேட் உலர்த்தினால் போகாது, காய்ந்த ஓட்ஸிலும் அப்படியே இருக்கும். காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாக்கினால் ஒரு பங்கு குறையும். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், பனி அடித்த மறுநாளே அறுக்காதீர்கள், அறுக்கும்போது அடித்தண்டில் ஒரு சாண் வயலிலேயே விடுங்கள், வேறு தீனியோடு கலந்து போடுங்கள்.

கேள்வி: மாட்டுக்கே இவ்வளவு சத்து என்றால் கோதுமைப்புல் சாறு குடிக்கிற எங்களுக்கு? நான் பால்கனியில் தொட்டி வைத்து வளர்த்து தினம் ஒரு சின்ன டம்ளர் குடிக்கிறேன். ரத்தம் ஊறும் என்கிறார்கள்.
— சென்னை, மயிலாப்பூர் வாசகி

பதில்: மனிதர்களுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை, இருந்தாலும் இந்தச் சாறு பிறந்த கதை கோழிப் பண்ணைக் கதை என்பதால் சொல்கிறேன். 1930 வாக்கில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சார்லஸ் ஷ்னாபெல் என்கிற வேளாண் வேதியியலாளர், நலிந்துகிடந்த கோழிகளுக்கு இளம் தானியப் புல்லைப் போட்டுப் பார்த்தார். கோழிகள் தேறியதோடு முட்டையும் கூடியது. அவர் சளைக்காமல் புல்லை உலர்த்திப் பொடித்து, தன் வீட்டாருக்கும் கொடுத்து, கடைசியில் செரோஃபில் என்ற பெயரில் மருந்துக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அதே காலத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் புல்சாறு குட்டி விலங்குகளின் வளர்ச்சியைத் தூண்டுகிறதென்று எழுதினார்கள். வைட்டமின்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த தீனி தின்ற கோழிக்கும் மாட்டுக்கும் வைட்டமின் குறை இருந்தது, பச்சை கிடைத்ததும் சரியானது. காய்ந்த புல்லில் முதலில் போவது கரோட்டின்தான், பச்சையில் அது ஏராளம். பசு நெய் மஞ்சளாக இருப்பதும் அந்தக் கரோட்டினால்தான். எருமை அதை வைட்டமின் ஏ ஆக்கிவிடுவதால் அதன் நெய் வெள்ளை.

ஷ்னாபெல் பிடித்துக்கொண்டது குளிரில் மெல்ல வளர்ந்து கணு விடுவதற்குச் சற்று முன்னால் நிற்கிற வயல் பயிரை. உங்கள் பால்கனியில் இருப்பது சென்னை வெயிலில் ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று எழுந்த நாற்று, விதையில் இருந்த சேமிப்பைத்தான் பெரும்பாலும் தின்று வளர்ந்தது. இரண்டும் ஒன்றில்லை. அதோடு மாடு நாளுக்கு இருபது கிலோ தின்கிறது, அதன் வயிற்றில் நாரைச் சர்க்கரையாக்கித் தரக் கோடிக்கணக்கில் நுண்ணுயிர் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் பங்கு ஒரு சின்ன டம்ளர், அதிலும் பெரும்பகுதி தண்ணீர். பச்சையம் அப்படியே ரத்தமாக மாறுவதில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைப் பொரியலில் இதைவிடக் கூடுதல் கிடைக்கும், ருசியும் உண்டு. குடிக்கப் பிடித்திருந்தால் குடியுங்கள், தொட்டியில் பூஞ்சணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக்குறைவுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மறுபடி நான்தான், கோபிக்காரன். பதிலை மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். ஊருக்குத் திரும்பியதும் நாமும் ஒரு வயலில் இப்படிச் செய்யலாமா என்கிறார். அப்புறம், பால் மாட்டை அங்கே இதில் விடுவதே இல்லையா?
— கோபி வட்டார விவசாயி, ஒக்லஹோமாவிலிருந்து

பதில்: கோபியில் கோதுமைக்குக் குளிர் போதாது அய்யா. நம்ம நாட்டுக் கோதுமையை விதைத்தால் முளைக்கும், தூர் கட்டாமல் ஓடிப்போய் அரைகுறையாகக் கதிர் விடும். ஆனால் அதே யோசனை ராஜஸ்தான், ஹரியானா பக்கம் பார்லியில் நடக்கிறது. விதைத்து ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் ஒருமுறை தீவனத்துக்கு அறுத்து, மறுபடி தழையவிட்டுத் தானியம் எடுக்கிறார்கள். வடக்கே குளிர் உண்டு, அதனால் முடிகிறது. நீங்கள் கம்பு நேப்பியரோடு ஒரு கால் ஏக்கர் வேலிமசாலை வையுங்கள், போதும்.

பால் மாட்டையும் விடுவார்கள். ஆனால் ரை, கோதுமை மேய்ந்த கையோடு கறந்தால் பாலில் பச்சைப்புல் வாடை அடிக்கும், அதனால் கறப்பதற்கு ரெண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே மாட்டை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். மருமகனிடம் சொல்லி மார்ச் முதல் வாரம் வரை தங்க முடிந்தால் தங்குங்கள். யாராவது ஒரு வயல்காரர் செடியைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.